கமா கடைசி வேலை

ஆய்வேட்டு வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் தட்டச்சு வேகத்தைக் கேட்பதில்லை. யாருடையதோ ஓர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை, அதாவது ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையில் கொடுத்து, "இதில் என்ன கோளாறு, பார்த்துச் சொல்" என்பேன். பெரும்பாலானவர்கள் கமா விட்டுப்போன இடத்தையும், இட்டாலிக் பாதியில் நின்ற இடத்தையும் காட்டுவார்கள். அதுவும் தேவைதான். எப்போதாவது ஒரு பிள்ளை மட்டும், "அண்ணா, இந்தக் கட்டுரை நிஜமாவே இருக்கா?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைக்கு இந்தத் தொழில் வரும்.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-இல் வெளிவரத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. நடுவிலும் பிறகும் டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, செல்போன் என்று ஆலைகள் வந்தன. பென்னலூர், தண்டலம் பக்கம் பொறியியல் கல்லூரிகள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் பதவி உயர பிஎச்.டி. வேண்டும். ஆலையில் இருக்கும் பொறியாளர்கள் சிலரும் பகுதிநேரமாகப் பதிவு செய்துகொண்டு, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சீருடையோடே கடைக்கு வருவார்கள். அலுமினியக் கலவை, வெல்டிங், பிரேக் லைனிங் தேய்மானம், டயர் சத்தம், பேட்டரிச் சூடு என்று தலைப்புகள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் முடிஞ்சுது சார், ரெஃபரன்ஸ் மட்டும் கொஞ்சம் அலைன் பண்ணணும்." அந்தக் 'கொஞ்சம்' பல நேரம் ஒரு வாரம் பிடிக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அக்கா. வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றுக்கு எடிட்டிங்கும் பக்க அமைப்பும் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கின்றன. அப்படி ஒரு சென்னை நிறுவனத்தில் ரெஃபரன்ஸ் மேசையில் நெடுங்காலம் இருந்தவர் அவர். திருமணமாகி இந்த ஊருக்கு வந்ததும் சின்னதாக ஒரு கடை போட்டார். அவரிடம் ஒரு பழக்கம்: கோப்பு வந்ததும் மவுஸில் கை வைக்க மாட்டார். பட்டியலை மட்டும் தனியாகப் பிரிண்ட் எடுத்து, ஹெச்பி பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு உட்காருவார். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கும். எதிரே இருக்கிறவர் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும்: "பெயர், கமா, இனிஷியல், புள்ளி, ஸ்பேஸ், வருஷம், அடைப்புக்குறிக்குள்." நிறுத்தக்குறியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். கண் தனக்குப் பழகியதைப் பார்த்துக்கொண்டு போய்விடும், காதுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது அவர் கணக்கு.

முதல் சுற்று டிக் போடுவது. ஆய்வேட்டை முதல் அத்தியாயத்திலிருந்து புரட்டி, உரைக்குள் சைட்டேஷன் வருகிற இடத்திலெல்லாம் நின்று, பட்டியலில் அந்தப் பதிவுக்கு நேராக ஒரு டிக் போட வேண்டும். முடித்துப் பார்த்தால் இரண்டு வகை அநாதைகள் மிஞ்சும். உரையில் பெயர் இருக்கும், பட்டியலில் ஆளே இருக்காது. பட்டியலில் ஆள் இருப்பார், உரையில் எங்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கணினியில் தேடினால் போதாதா என்பீர்கள். உரையில் ஓர் எழுத்து பிசகி எழுதப்பட்ட பெயரைத் தேடல் காட்டிக் கொடுக்காது. பென்சில் காட்டிவிடும்.

இந்தச் சுற்றில் சிக்குகிற இன்னொன்று, மொழி மாறிப் போன சைட்டேஷன். நான் கையாண்ட அண்ணா பல்கலைக்கழக ஆய்வேடுகளில் உரைக்குள் ஆசிரியர் பெயரும் வருஷமும் வரும். பட்டியல் அகர வரிசையில் இருக்கும், ஆசிரியர் பெயரை அடுத்து வருஷம். அதே ஸ்காலர் தன் கட்டுரையை ஐஇஇஇ இதழில் போட்டிருந்தால், அங்கே சதுர அடைப்புக்குள் எண், பட்டியலோ உரையில் வரும் வரிசைப்படி. அவர் அந்தக் கட்டுரையை எடுத்து அப்படியே நாலாவது அத்தியாயமாக ஒட்டிவிடுவார். மூன்று அத்தியாயம் பெயரும் வருஷமுமாகப் போய்க்கொண்டிருக்க, நாலாவதில் திடீரென்று ஓர் ஏழாம் எண் நிற்கும். ஆய்வேட்டில் ஏழாம் எண் என்று எதுவுமே கிடையாது. வைவாவில் தேர்வாளர் விரல் வைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இரண்டாம் சுற்றில்தான் தொழில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அசல் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. டிஓஐ என்ற கட்டுரையின் அடையாள எண் இருந்தால் அதைப் போட்டுப் போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் இதழின் தளத்தில் வால்யூம், இஷ்யூ என்று இறங்க வேண்டும். "வேறொரு கட்டுரையோட பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்காதே தம்பி, அவனும் எங்கேயோ பார்த்துத்தான் எழுதியிருப்பான்" என்பார் அக்கா. அவர் கைப்பழக்கமாகச் சொன்னதை 2003-இல் சிம்கின், ராய்சௌதுரி என்ற இருவர் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். 1973-இல் வெளிவந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். 196 இடத்தில் பிழை. அதில் 78 பேர் பக்க எண்ணில் ஒரே பிழையைச் செய்திருந்தார்கள். 78 பேருக்குத் தனித்தனியே ஒரே இடத்தில் கை தவறாது. ஒருவர் தவறினார், மற்றவர்கள் அசலைத் திறக்காமல் எடுத்து எழுதினார்கள்.

அசலைத் திறந்தால் தெரியவருபவை பல. உரையில் 2015, பட்டியலில் 2016 என்று இருக்கும். ஸ்காலர் இரண்டில் ஒன்று தட்டச்சுப் பிழை என்பார். திறந்து பார்த்தால் கட்டுரை இணையத்தில் ஏறியது 2015 டிசம்பர், வால்யூமில் சேர்ந்தது 2016. வால்யூம் எண் போடுகிறோம் என்றால் வால்யூமின் வருஷத்தைப் போட வேண்டும், உரையிலும் அதையே மாற்ற வேண்டும். இன்னொன்று பக்க எண். புதிய இதழ்கள் பலவற்றில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான். ஸ்காலரோ பிடிஎஃப்பின் அடியில் ஒன்று முதல் பதினான்கு வரை இருப்பதைப் பார்த்து, பக்கம் 1–14 என்று எழுதியிருப்பார். ஒரு பட்டியலில் வரிசையாக நாலைந்து கட்டுரைகள் ஒன்றாம் பக்கத்திலேயே தொடங்கினால் உடனே சந்தேகப்படுங்கள்.

இல்லாத கட்டுரையும் பட்டியலில் வரும். எழுதுகிறவர்களுக்கான வழிகாட்டியில் எல்சவியர் நிறுவனம் மாதிரிக்காக ஒரு ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தது: வான் டெர் ஹேர் முதலிய மூவர், 2000-ஆம் ஆண்டு, அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற தலைப்பு, ஓர் இதழின் பெயர், பக்க எண். அப்படி ஒரு கட்டுரை கிடையாது. ஆனால் அதை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதாகத் தரவுத்தளங்கள் காட்டின. மாதிரியைக் கோப்பில் ஒட்டி, அதன் கீழே தன் பட்டியலை அடித்து, மாதிரியை நீக்க மறந்ததால் வந்த வினை அது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அது மறதி. இப்போது வருவது வேறு வகை. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் கேட்டு வாங்கிய பட்டியலில் ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், வால்யூமும் பொருந்தும். கட்டுரை மட்டும் இருக்காது. டிஓஐ போட்டுப் பார்த்தால் ஒன்றுமே வராது, அல்லது சம்பந்தமில்லாத மருத்துவக் கட்டுரை திறக்கும். கமாவும் இட்டாலிக்கும் பிசகில்லாமல் இருக்கிற பதிவுகளை நான் இப்போது முதலில் திறந்து பார்க்கிறேன். மனிதன் எழுதிய பட்டியலில் எங்காவது கை தடுமாறியிருக்கும்.

நம் ஊர்ப் பெயர்கள் ஒரு தனிப் பாடம். சி.வி.ராமனில் 'சி' அவர் தந்தை சந்திரசேகரனுடையது. வெங்கடராமன் என்ற ஒற்றைப் பெயர் இரண்டாகப் பிரிந்து, பின்பாதி குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. 1928-இல் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து நேச்சர் இதழில் அவர் எழுதிய குறிப்பை, 121-ஆம் வால்யூம், 501-ஆம் பக்கம், உலகம் முழுக்க ராமன் என்ற பெயரின் கீழ்தான் தேடுகிறார்கள். அவர் அண்ணன் மகன் சந்திரசேகருக்கு முன்னால் நிற்கும் சுப்ரமணியன், அவர் தந்தையின் பெயர். இவர்களுக்கெல்லாம் சொந்தப் பெயர் கடைசியில் நின்றதால் சிக்கல் இல்லாமல் போயிற்று. இன்றைக்கு இதழ்களின் இணையப் படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. எஸ். முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் முருகன், இரண்டாவதில் தந்தை பெயர் சுப்பிரமணியன் என்று நிரப்புவார். அந்தக் கட்டுரை 'சுப்பிரமணியன், எம்.' என்று வெளிவரும். முந்தைய கட்டுரையோ 'முருகன், எஸ்.' பட்டியலின் அகர வரிசையில் ஒரே மனிதர் இரண்டு இடத்தில் இருப்பார்.

ஆளைத் தெரியும் என்பதற்காக நீங்கள் திருத்தக் கூடாது. அந்தக் கட்டுரையில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே கொடுங்கள். தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார். ஒரு ஸ்காலரின் பட்டியலில் அவருடைய கைடு பெயரே மூன்று விதமாக இருந்தது. ஸ்காலருக்குப் பதற்றம், மூன்றையும் ஒன்றாக்கச் சொன்னார். அசலைத் திறந்தோம். இரண்டு விதம் அச்சில் இருந்தபடியே சரி. மூன்றாவது ஸ்காலர் செய்த எழுத்துப் பிழை. அதை மட்டும் மாற்றினோம். இனிமேல் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: எந்த வடிவத்தில் பெயர் போடுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவெடுங்கள், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சாகும்வரை மாற்றாதீர்கள்.

தலைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயம் எளிதாகத் தோன்றும். தலைப்பின் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து என்று ஒரு பாணி கேட்கும். வேர்டில் மொத்தப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நம் ஊர் ஆய்வேடுகளில் அலுமினியமும் சிலிக்கான் கார்பைடும் இல்லாத பட்டியல் அரிது. அந்தச் சொடுக்கில் தனிமங்களின் குறிகளெல்லாம் சின்ன எழுத்தாகிப் பொருளற்றுப் போகும். டாகுச்சி என்ற ஜப்பானியரின் பெயர் சாதாரணச் சொல்லாகிவிடும். பிப்டெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை. குறியை நெளிவு அடைப்புக்குள் பூட்டி வைக்காவிட்டால் அது தானாகச் சின்ன எழுத்தாக்கிவிடும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் அச்சான பழைய கட்டுரை என்றால் இன்னும் கவனம் தேவை. சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தென்றால் கார்பன் மோனாக்சைடு, ஓ சின்ன எழுத்தென்றால் கோபால்ட். எது என்று தலைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாத இடம் வரும். சுருக்கத்தை நாலு வரி படித்தால்தான் தெரியும். ரெஃபரன்ஸ் பார்க்கிறவன் கட்டுரையைப் படிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதழ்ப் பெயரைச் சுருக்குவதற்கு ஐஎஸ்ஓ 4 என்ற விதி இருக்கிறது. எந்தச் சொல்லை எப்படிச் சுருக்குவது என்பதற்குப் பட்டியலும் இருக்கிறது. மனசில் தோன்றியபடி சுருக்கக் கூடாது. ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கவே கூடாது. தேய்மானத்துக்கென்றே 'வேர்' என்று ஓர் இதழ் உண்டு. பெயர் அவ்வளவுதான். பிரேக் லைனிங் பற்றி எழுதிய ஒருவர், பெயர் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து, அதன் பின்னால் 'ஜர்னல்' என்பதன் சுருக்கத்தைத் தன் கையால் சேர்த்திருந்தார். அப்படி ஓர் இதழ் உலகத்தில் இல்லை.

ஆலைப் பொறியாளர்களின் பட்டியலில் கட்டுரையைவிடத் தரநிலைகள் முக்கியம். ஐஎஸ், ஏஐஎஸ், எஸ்ஏஇ ஆவணங்களுக்கு எண்தான் முகவரி. எண்ணோடு பதிப்பு வருஷமும் வேண்டும். கட்டுமான எஃகுக்கான ஐஎஸ் 2062-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் எஃப்இ 410 என்று வழங்கிய தரம் 2011 பதிப்பில் ஈ250 என்று வரும். வருஷம் போடாமல் ஐஎஸ் 2062 என்று மட்டும் எழுதினால், படிக்கிறவர் எந்தப் பதிப்பை எடுத்துப் பார்ப்பார்? இன்னொன்றையும் அவர்கள் சேர்த்துவிடுவார்கள்: தங்கள் ஆலையின் உள்சோதனை அறிக்கை. வெளியாள் வாங்கிப் பார்க்க முடியாத ஆவணம் பட்டியலில் இருந்து பயனில்லை. கம்பெனி அனுமதி கொடுத்தால் பின்னிணைப்பில் போடலாம். இல்லையென்றால் உரையில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

வார்ப்பாலைப் பொறியாளர் ஒருவர் அக்காவிடம் சலித்துக்கொண்டார்: "ஒரு நம்பர் முன்னே பின்னே இருந்தா என்ன மேடம், தலைப்பு இருக்கே." அக்கா கேட்டார்: "உங்க நக்கிள் வார்ப்பு ஒண்ணு விரிசல் விட்டுத் திரும்பி வந்தா முதல்ல எதைப் பாப்பீங்க சார்?"

"ஹீட் நம்பர்."

"அதுல ஒரு எழுத்து தப்பா பஞ்ச் ஆகியிருந்தா?"

"எந்த உருக்குன்னே தெரியாது. சந்தேகப்பட்ட லாட் எல்லாத்தையும் நிறுத்தணும்."

"இதுவும் ஹீட் நம்பர்தான் சார்."

அதன் பிறகு அவர் தானே உட்கார்ந்து டிஓஐ சரிபார்த்தார். இந்தத் தடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிட நன்றாக நான் விளக்கம் சொன்னதில்லை.

மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட், எதுவானாலும் ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து பயன்படுத்தினால் பாதி வேலை மிச்சம். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அது நீங்கள் கொடுத்ததைத்தான் அடுக்கும். கூகுள் ஸ்காலரிலிருந்து இழுத்த பதிவில் மாநாட்டின் பெயர் பாதியில் நிற்கும், ஆசிரியர் இருவர் காணாமல் போயிருப்பார்கள். அதையும் அழகாக அடுக்கிக் கொடுக்கும். இன்னொன்று, வேர்ட் கோப்பை அந்த மென்பொருளோடு இணைக்கும் ஃபீல்டு கோட். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 சேர்த்து அழுத்தினால் இணைப்பெல்லாம் அறுந்து வெறும் எழுத்தாகிவிடும். அப்படி ஆக்கும் முன் உயிருள்ள ஒரு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். இருந்த ஒரே கோப்பையும் அறுத்துவிட்டு வந்த ஸ்காலரிடம் மறுநாள் கைடு, "இந்த இரண்டு பேப்பரையும் சேர்த்துடுங்க" என்றார். ஒரே ஆசிரியர், ஒரே வருஷம். 2018ஏ, 2018பி என்று இருந்ததெல்லாம் இடம் மாறி, உரை முழுக்கக் கையால் திருத்த வேண்டியதாயிற்று.

தேடித் தேடியும் அகப்படாத பதிவு எந்தப் பட்டியலிலும் மிஞ்சும். அங்கேதான் இந்த வேலைக்காரனின் யோக்கியதை தெரியும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, உரைகாரர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமலே எடுத்தாண்ட மேற்கோள்களோடு மல்லாடினார். அவற்றின் இடத்தைத் தேடி ஏடு ஏடாகப் புரட்டினார். அப்படித் தேடும்போது சங்க நூல் ஏடுகள் அவருக்குக் கைகொடுத்தன. இடம் விளங்காதவற்றுக்குத் தோன்றிய நூற்பெயர் ஒன்றை அவர் வைத்துவிடவில்லை. விளங்காதது விளங்காதது என்றே நின்றது. அக்காவின் மேசையிலும் அதே வழக்கம். அகப்படாத பதிவுகளுக்குத் தனித்தாள் ஒன்று, ஏக்யூ என்போம், ஆசிரியருக்கான கேள்வி. "இந்த வால்யூமில் இந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கிறது. எங்கே படித்தீர்கள்?" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பொருத்தமாகத் தெரிகிற வருஷத்தையோ பக்கத்தையோ நாமாக நிரப்பக் கூடாது. வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும், யாராவது கேட்பார்கள். நிரப்பிய பொய்யை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கிற ஸ்காலர்கள் உண்டு. நாளை சமர்ப்பிக்க வேண்டும், எதையாவது போட்டு முடியுங்கள் என்பார்கள். கூலி போனாலும் போகட்டும் என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தவர் அக்கா. பெரும்பாலோர் மறுநாள் அசலோடு வந்தார்கள்.

கமா, புள்ளி, இட்டாலிக், பக்க எண்களுக்கு இடையே சிறுகோடு, தொங்கல் இண்டென்ட் எல்லாம் இத்தனைக்கும் பிறகுதான். எட் ஆல் எத்தனை ஆசிரியருக்கு மேல் என்பது பாணிக்குப் பாணி மாறும். ஐஇஇஇயில் ஆறு பேர் வரை எல்லோர் பெயரையும் எழுத வேண்டும். ஏபிஏ ஏழாம் பதிப்பில் பட்டியலில் இருபது பேர் வரை எழுதச் சொல்வார்கள், உரையிலோ மூன்று பேர் என்றாலே முதல் பெயரோடு எட் ஆல். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பதிவுகள் சரியாக இருந்தால் வடிவம் ஒரு பிற்பகல் வேலை. பதிவுகள் தப்பாக இருந்தால் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அது தப்புகளின் அடுக்கு.

பிரிண்ட் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டியலில் அங்கங்கே ஐந்து பதிவுகளைத் தொடுங்கள். ஸ்காலரையும் கேட்காமல், உங்கள் கோப்புறையையும் பார்க்காமல், தாளில் அச்சாகியிருப்பதை மட்டும் வைத்து அந்த ஐந்து கட்டுரைகளையும் தேடிப் போங்கள். ஐந்தும் கிடைத்தால் பைண்டிங்குக்கு அனுப்பலாம். ஒன்று கிடைக்காவிட்டாலும் பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு முதல் பதிவிலிருந்து மறுபடி உட்காருங்கள்.